லேபிள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்

சென்னையில் சொந்தமாகப் பாட்டெழுதி, இசையமைத்து, யூடியூபில் வெளியிட்டுவரும் ஓர் இளைஞரின் கேள்வி இது. அவருடைய அடுத்த பாடலைப் பெரிய லேபிள் (பாடல் பதிவுகளை வாங்கி வெளியிடும் நிறுவனம்) ஒன்றும், பெரிய நிறுவனங்களைச் சாராத சிறிய தனி லேபிள் ஒன்றும் கேட்டிருக்கின்றன. இவ்விரண்டும் எப்படி இயங்குகின்றன, விளம்பரம் என்ற பெயரில் உண்மையில் என்ன செய்கின்றன, எதை நம்பிக் கையெழுத்திடுவது என்று கேட்கிறார். ஆடியோ உரிமை ஒப்பந்தங்களை எழுதுவதிலும் படித்து விளக்குவதிலும் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மேலைநாடுகளில் லேபிள் என்பது ஒரு பாடகரையோ குழுவையோ தேடிப் பிடித்து, பல ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் மீது முதலீடு செய்யும் நிறுவனமாக வளர்ந்தது. நம் ஊரில் அது படத்தின் ஆடியோ உரிமையை மொத்தமாக வாங்கும் நிறுவனமாக வளர்ந்தது. இன்று உங்கள் கையில் தரப்படும் ஒப்பந்தத்தின் பல வரிகள் அந்தப் பட உரிமை ஒப்பந்தத்திலிருந்து அப்படியே வந்தவை. படத்துக்குப் பொருந்தும் நிபந்தனைகள் தனிக் கலைஞருக்கு ஏன் பாதகமாகின்றன என்பதைத்தான் இந்தப் பதிலில் பெரும்பாலும் விளக்கப்போகிறேன்.

ஒரு பாடலில் இரண்டு அடுக்கு உரிமைகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஓர் அடுக்கு. துறையில் அதைப் பப்ளிஷிங் என்பார்கள். அந்தப் படைப்பைப் பாடி, வாசித்து, பதிவு செய்து முடித்த ஒலிப்பதிவு இன்னோர் அடுக்கு. அதற்கு மாஸ்டர் என்று பெயர். இந்தியச் சட்டத்தில் படைப்பின் உரிமை அதைப் படைத்தவர் வாழும் காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஒலிப்பதிவின் உரிமை வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் மட்டுமே. 1950-களில் வெளியான ஒரு திரைப்பாடலின் ஒலிப்பதிவு உரிமை இன்று காலாவதியாகிவிட்டது. ஆனால் அதன் வரிகள் கண்ணதாசனுடையவை என்றால், அவர் 1981-ல் மறைந்தவர் ஆதலால், வரிகளின் உரிமை 2041 இறுதிவரை உயிரோடு இருக்கும். ஒரே பாடலின் இரு அடுக்குகளும் இப்படித் தனித்தனியே வாழ்கின்றன என்பதால், ஒப்பந்தத்தில் எந்த அடுக்கைக் கேட்கிறார்கள் என்பதே நீங்கள் பார்க்க வேண்டிய முதல் வரி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துக் கேட்பதுதான் இங்கே வழக்கமாக இருந்துவருகிறது.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1930-களில் ஏ. வி. மெய்யப்பன் சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் மூலம் ஓடியன் இசைத்தட்டுகளை வெளியிட்ட காலத்தில், பாடகர்களையும் நாடகக் குழுக்களையும் அழைத்துப் பதிவு செய்வதே தொழிலாக இருந்தது. பேசும் படம் பரவியபின் பாடல் படத்துக்குள் போனது. படத் தயாரிப்பாளர் எல்லோருக்கும் சம்பளம் கொடுத்துப் பாடலை உருவாக்கி, ஒலிப்பதிவு உரிமையை இசைத்தட்டு நிறுவனத்துக்குத் தந்தார். எச்எம்வி முத்திரையோடு வந்த கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா, அதாவது இன்றைய சரிகம, அப்படிச் சேர்த்த களஞ்சியத்தால்தான் இன்றும் வாழ்கிறது. 2017-ல் அந்நிறுவனம் பழைய பாடல்களை முன்கூட்டியே ஏற்றி விற்ற கார்வான் கருவி வீட்டுக்கு வீடு போனதைப் பார்த்திருப்பீர்கள். புதுப் பாட்டு எதையும் பதிவு செய்யாமலே நடந்த விற்பனை அது. கேசட் காலத்தில் எக்கோ, சங்கீதா, பிரமிட் என்று பல பெயர்கள் வந்தன. இசைத்தட்டு கேசட்டாக மாறியதே தவிர, படத்தின் ஆடியோவை மொத்தமாக வாங்கும் முறை மாறவில்லை.

சட்டமும் நெடுங்காலம் அந்தப் பக்கமே நின்றது. பணம் பெற்றுக்கொண்டு படத்துக்காக எழுதிய வரிகளுக்கும் மெட்டுக்கும் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடுபவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாதிருப்பதைத் தனிக் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார். பாடுபவர், வாசிப்பவர் போன்றோருக்கான நிகழ்த்துநர் உரிமை சட்டத்தில் நுழைய 1994 ஆயிற்று. 2012-ஆம் ஆண்டின் திருத்தம்தான் உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான பிடிமானம். பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியின் (பாடல் பயன்படும்போது வரும் உரிமைத்தொகையின்) சமபங்கைச் சட்ட வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது. படப்பாடல் திரையரங்கில் படத்தோடு ஓடுவது மட்டும் விதிவிலக்கு. படத்தில் இடம்பெறாத தனிப்பாடலுக்கு அந்த விதிவிலக்குகூடக் கிடையாது. எனவே, "எல்லா ராயல்டியையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், படைப்பாளி என்ற முறையில் உங்கள் பங்கை அது தொட முடியாது. ஆனால் மாஸ்டரை முழுவதுமாகத் தொட முடியும். இந்த வேறுபாட்டைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி பெரிய லேபிள் என்றால் யார் என்று பார்ப்போம். உலக அளவில் யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்றும்தான் பெரியவை. நான்காவதாக இருந்த ஈஎம்ஐ 2012-ல் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. இந்தியாவில் இவற்றோடு டி-சீரிஸ், சரிகம போன்ற உள்நாட்டு நிறுவனங்களையும் பெரியவை என்றே சொல்ல வேண்டும். தமிழ்த் திரையிசையில் சோனியின் தென்னிந்தியப் பிரிவும், சென்னையிலிருந்து இயங்கும் திங்க் மியூசிக்கும் முக்கியமானவை. பெரிய லேபிளின் பலம் மூன்று இடங்களில் இருக்கிறது: கையிலிருக்கும் பழைய களஞ்சியம், அந்தக் களஞ்சியத்தைக் காட்டி ஸ்ட்ரீமிங் தளங்களோடு நேரடியாகப் பேசும் வலிமை, ஏற்கெனவே பெருங்கூட்டம் பின்தொடரும் யூடியூப் சேனல். சிறிய லேபிள்களுக்கு அந்தப் பேரம்பேசும் வலிமை தனித்தனியே இல்லாததால், உலகெங்கும் உள்ள தனி லேபிள்கள் சேர்ந்து மெர்லின் என்ற கூட்டமைப்பின் வழியாகத் தளங்களோடு உரிமம் பேசுகின்றன. அதிலும் சேராதவர்கள் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோகஸ்தர் வழியாகப் பாடலை ஏற்றுகிறார்கள். விநியோகஸ்தருக்கும் பெரிய நிறுவனங்களுக்கும் இடையிலான கோடு இப்போது மங்கிவருகிறது: ஆர்ச்சர்ட் என்ற விநியோக நிறுவனம் சோனியுடையது, சென்னையின் டிவோ நிறுவனத்தில் வார்னர் மியூசிக் இந்தியா 2023-ல் பெரும்பங்கை வாங்கியது. ஆகவே "நாங்கள் தனி லேபிள்" என்று சொல்பவரிடம், பாடல் யார் வழியாகத் தளங்களுக்குப் போகிறது என்று கேட்பதில் தவறே இல்லை.

பணம் எப்படி வருகிறது என்பதைப் பலர் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு முறை கேட்டால் இத்தனை பைசா என்று நிலையான விலை கிடையாது. ஸ்பாட்டிஃபை போன்ற தளம் சந்தாவிலும் விளம்பரத்திலும் வரும் வருமானத்தை ஒன்றாகத் திரட்டி, அதில் உரிமையாளர்களுக்கான பகுதியை, மொத்தக் கேட்புகளில் ஒவ்வொருவரின் பங்குக்கு ஏற்பப் பிரிக்கிறது. நம் நாட்டில் சந்தா கட்டாமல் கேட்பவர்களே மிகுதி என்பதால், திரளும் தொகை இங்கே சிறியது. தவிர, 2024 முதல் கடந்த 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. முதல் பாடலிலேயே வருமானத்தை எதிர்பார்க்கும் கலைஞர்களுக்கு இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஒப்பந்தத்தின் இதயமான கணக்கு. லேபிள் உங்களுக்கு 2 லட்சம் ரூபாய் முன்பணம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடியோவுக்கு 3 லட்சமும் விளம்பரத்துக்கு 1 லட்சமும் செலவிடுகிறது. உங்கள் ராயல்டி 20 சதவீதம். மேற்சொன்ன 6 லட்சமும் உங்கள் ராயல்டியிலிருந்தே மீட்கப்படும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. பாடல் 10 லட்சம் சம்பாதிக்கிறது. உங்கள் பங்கு 2 லட்சம். அது பாக்கியில் கழிந்து, இன்னும் 4 லட்சம் பாக்கி என்று உங்கள் கணக்கில் நிற்கும். லேபிளோ 6 லட்சம் போட்டு 10 லட்சம் எடுத்து, அதே நாளில் 4 லட்சம் லாபத்தில் இருக்கும். பாக்கி முழுதும் தீர்ந்து உங்கள் கைக்கு முதல் ரூபாய் வருவதற்குப் பாடல் 30 லட்சம் சம்பாதித்திருக்க வேண்டும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒப்பந்தம் சொன்னபடியே நடக்கிறது. அதனால்தான் கையெழுத்திடும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

தனி லேபிள்கள் பல வேறு முறையைக் கையாள்கின்றன. வருமானத்திலிருந்து செலவை முதலில் கழித்துவிட்டு, மீதியைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் முறை அது. அதே பாடல், அதே செலவு, அதே 10 லட்சம் என்றால், மீதி 4 லட்சத்தில் 2 லட்சம் முன்பணத்துக்கு மேல் உங்களுக்குக் கிடைக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் செலவு என்பதற்கு என்ன வரையறை என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அலுவலக வாடகையையும், தன் சேனலில் தானே போட்ட பதிவையும் செலவாக எழுதும் லேபிளிடம் பாதிப் பங்குக்கு மதிப்பில்லை. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவிட உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்ற ஒரே வரி இதைச் சரிசெய்யும். முன்பணம் பொதுவாக நீங்கள் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அல்ல, வருமானத்திலிருந்து மட்டும் மீட்கப்படுவது. அதையும் வார்த்தையாக எழுதிவாங்குங்கள். ஒரு பாடலின் பாக்கியை இன்னொரு பாடலின் வருமானத்திலிருந்து கழிக்கும் பிரிவு இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள்.

விளம்பரத்துக்கு வருகிறேன். படப்பாடலுக்கு லேபிள் செய்யும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தனக்கும் அதுவே கிடைக்கும் என்று எண்ணுவது பரவலான மயக்கம். முன்பெல்லாம் ஆடியோ முழுவதும் ஒரே நாளில் கேசட்டாகவோ குறுந்தகடாகவோ வெளிவந்தது. 2011 நவம்பரில் '3' படத்தின் 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் தனியாக வெளியாகி நாடெங்கும் பரவியபின், முதல் சிங்கிள், இரண்டாம் சிங்கிள், லிரிக் வீடியோ, பின்பு ஆடியோ வெளியீட்டு விழா, இறுதியில் எல்லாப் பாடல்களும் சேர்ந்த ஜூக்பாக்ஸ் என்ற படிவரிசை நிலைபெற்றது. அந்த ஒவ்வொரு படியிலும் நடிகரின் ரசிகர்களும், படத் தயாரிப்பாளரின் விளம்பரப் பணமும், விழாவை ஒளிபரப்பும் தொலைக்காட்சியும் பாடலைத் தூக்கிச் செல்கின்றன. லேபிள் அதில் ஒரு பங்கை மட்டுமே செய்கிறது. உங்கள் பாடலுக்குப் படம் இல்லை. எனவே அந்தக் கூட்டு உந்துதலும் இல்லை.

தனிப்பாடலுக்கு லேபிள் செய்யக்கூடியவை இவைதாம்: வெளியீட்டுக்குச் சில வாரங்கள் முன்பே பாடலையும் அட்டைப்படத்தையும் விவரங்களையும் தளங்களுக்கு அனுப்புவது, பிளேலிஸ்ட் தொகுப்பாளர்களிடம் பாடலைப் பரிந்துரைப்பது, ரீல்ஸுக்கு ஏற்ற 15 அல்லது 30 விநாடிப் பகுதியைத் தேர்ந்து, நடனம் ஆடுபவர்களுக்கும் காணொளி செய்பவர்களுக்கும் பணம் கொடுத்து அதைப் புழங்கவைப்பது, யூடியூபில் விளம்பரமாக ஓட்டுவது, எஃப்எம் நிலையங்களில் பேசுவது. இவற்றில் பிளேலிஸ்ட் பரிந்துரையை நீங்களே செய்ய முடியும். ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில் வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னதாகப் படிவத்தை நிரப்பினால் போதும். லேபிளின் ஆளுக்குத் தொகுப்பாளரை நேரில் தெரிந்திருக்கும் என்பது உண்மையான அனுகூலம்தான், மறுக்கவில்லை. யூடியூப் விளம்பரத்தில் வாங்கிய பார்வைகளை மட்டும் பாடலின் வெற்றியாகக் கொள்ளாதீர்கள். அதே வாரத்தில் ஸ்ட்ரீமிங் கேட்புகள் உயர்ந்தனவா, மக்கள் பாடலைத் தங்கள் பட்டியலில் சேர்த்தார்களா என்று பாருங்கள். பெரும்பாலான லேபிள்கள் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் எண்களைப் பார்த்து, எழும்பாத பாடலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. பட்டியலில் பல பாடல்கள் வைத்திருப்பவர்களின் இயல்பு அது. ஆகவே எத்தனை ரூபாய், எந்தெந்த வழியில், எத்தனை வாரம் என்பதை ஒப்பந்தத்தின் இணைப்பாகக் கேளுங்கள். வாய்மொழி வாக்குறுதியை நம்பி மாஸ்டரை எழுதிக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: பாடல் யாருடைய சேனலில் ஏறுகிறது? லேபிளின் சேனலில் ஏறினால் முதல் நாளே ஆட்கள் வருவார்கள்; ஆனால் அவர்கள் லேபிளைப் பின்தொடர்வார்கள், உங்களை அல்ல. அடுத்த பாடலை நீங்கள் தனியாக வெளியிடும்போது மீண்டும் வெறுங்கையோடு தொடங்குவீர்கள். வீடியோவை உங்கள் சேனலில் வைத்துக்கொண்டு, வருமானத்தை மட்டும் கன்டென்ட் ஐடி (காணொளியில் உள்ள பதிவை அடையாளம் கண்டு உரிமையாளருக்குக் காட்டும் யூடியூபின் தானியங்கி முறை) மூலம் லேபிள் வசூலிக்கும் ஏற்பாடு சாத்தியமே.

பெரிய லேபிளின் வழியே போய்ப் பலன் பெற்றவர்களும் இருக்கிறார்கள். சாய் அபயங்கரின் 'கட்சி சேர' 2024-ல் திங்க் மியூசிக்கின் தனியிசைப் பிரிவில் வந்தது. அடுத்தடுத்து அவருக்குப் படவாய்ப்புகள் அமைந்தன. சினிமாவுக்கு இசையமைப்பதுதான் உங்கள் இலக்கு என்றால், பட உலகோடு தினமும் பேசும் லேபிளின் கதவு வழியே நுழைவது நல்ல கணக்கு. அதற்காக ஒரு பாடலின் மாஸ்டரை விட்டுக்கொடுப்பதையும் நான் குறை சொல்லமாட்டேன். இலக்கு வேறாக இருந்தால் கணக்கும் வேறு. கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து அரசியல் பேசிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு, இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் அவர்கள் முதன்முதலாக மேடையேறினார்கள். நட்சத்திரப் படத்தின் ஆடியோவை வாங்குவதற்கென்றே அமைந்த ஒரு நிறுவனம் அப்படி ஒரு குழுவைத் தொடங்கியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். என்ன பாட வேண்டும் என்பதில் கை வைக்காமல் இருப்பதுதான் தனி லேபிள் தரக்கூடிய மிகப்பெரிய மதிப்பு.

ஆனால் தனி லேபிள் என்பதாலேயே கணக்கு நேராக இருக்கும் என்று கொள்ள வேண்டாம். 2021-ல் மாஜா என்ற தனி லேபிள் வெளியிட்ட 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. மூன்று ஆண்டு கழித்து, அதிலிருந்து தங்களுக்கு வருமானம் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பொதுவெளியில் சொன்னார். லேபிள் தரப்பும் தன் விளக்கத்தை வெளியிட்டது. அந்தத் தகராறுக்குள் போகாமல் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தளவாரியான கணக்கறிக்கை, கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை, குறித்த நாளில் பணம் வராவிட்டால் மாஸ்டர் உங்களிடம் திரும்பும் என்ற பிரிவு ஆகிய மூன்றும் இல்லாத ஒப்பந்தம் முழுமையானதல்ல. லேபிளின் அளவு என்னவாக இருந்தாலும் இது பொருந்தும்.

கர்நாடக இசைக்காரர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சொல். தியாகராஜர் கீர்த்தனைக்குப் பதிப்புரிமை இல்லை. ஆனால் பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தவர், அவர் பாடல்களுக்கு 2033 இறுதிவரை உரிமை உண்டு. கீர்த்தனை பொதுச்சொத்து என்றாலும், மார்கழிக் கச்சேரியில் நீங்கள் பாடிய பதிவு தனி மாஸ்டர். அதே கீர்த்தனையின் பழைய பதிவை வைத்திருக்கும் லேபிள், தானியங்கி ஒப்பீட்டால் உங்கள் காணொளிக்கு உரிமை கோருவது நடக்கிறது. மறுப்பு தெரிவித்தால் பெரும்பாலும் விலக்கிக்கொள்வார்கள். பயந்துபோய் காணொளியை எடுத்துவிட வேண்டாம்.

கடைசியாக, பேச்சுவார்த்தையில் எதைப் பிடிப்பது என்பது. மாஸ்டரைக் கிரயம் செய்துகொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் முழு உரிமை மாற்றத்துக்கும் உரிமத்துக்கும் இடையில் இருக்கிறது. 3 முதல் 7 ஆண்டுக்கான உரிமமாகக் கேளுங்கள். சிறிய லேபிள்கள் இதற்கு ஒத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். எழுதிவாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் லேபிள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது காலாவதியாகும். லேபிள்களின் வழக்கறிஞர்கள் இதை அறிந்தவர்கள். அதனால்தான் "உலகம் முழுவதும், நிரந்தரமாக, ஓராண்டு விதி பொருந்தாது" என்ற வரி எல்லா ஒப்பந்தங்களிலும் தவறாமல் இருக்கிறது. அந்த மூன்று சொற்றொடர்களையும் அடித்துவிட்டு உங்கள் காலத்தையும் எல்லையையும் எழுதி அனுப்புங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்ற முறையில், படைப்பாளிகளுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்-ல் உறுப்பினராகி ஒவ்வொரு பாடலையும் பதிவுசெய்யுங்கள். லேபிள் எதுவாக இருந்தாலும் அந்தப் பங்கு நேரே உங்களுக்கு வரும்.

இத்தனைக்கும் முன்பு செய்ய வேண்டிய வேலை ஒன்று உங்கள் பக்கத்தில் இருக்கிறது. பாடல் முழுவதும் எனக்கே சொந்தம், யாராவது உரிமை கோரினால் நட்டத்தை நானே ஏற்பேன் என்று நீங்கள் உறுதியளிக்கும் பிரிவு எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். பாடலுக்கு அடித்தளமான பீட் (முன்பே செய்து வைத்த பின்னணி இசை) இணையத்தில் விலைக்கு வாங்கியது என்றால், அதன் உரிமம் எத்தனை கேட்புகள்வரை, உங்களுக்கு மட்டுமா என்று படித்துப் பாருங்கள். அதே பீட்டை வேறு பத்துப் பேரும் வாங்கியிருந்தால் லேபிளுக்கு நீங்கள் தரும் உறுதிமொழி பொய்யாகிவிடும். கூடப் பாடியவர், கித்தார் வாசித்தவர், மிக்ஸிங் செய்தவர் ஆகியோரோடு யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டுக்கு இன்னும் பணம் வராதபோதுதான் அந்தப் பேச்சு எளிதாக முடியும்.